சும்மா கிடந்த நிலமா அது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும். "ஏரியில் வீடு கட்டினால் தண்ணீர் வராமல் வேறு என்ன வரும்?" என்று ஒருவர் எழுதுவார். "அப்படியென்றால் ஜனங்கள் எங்கேதான் குடியிருப்பது? ஆயுள் முழுக்க வாடகை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று இன்னொருவர் கேட்பார். மழை விட்டதும் இரண்டு பேரும் அமைதியாகிவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பம்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வாக்குவாதத்துக்குச் சென்னையில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது நடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்டால், நாம் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது கொஞ்சம் தெளிவாகும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஏரி என்பது என்ன?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இன்றைய சென்னையின் பெரும்பகுதி அந்த மாவட்டத்துக் கிராமங்கள்தான். நம் ஊர் ஏரிகள் மலைப்பகுதி ஏரிகளைப் போன்றவை அல்ல. சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குவார்கள். மதகு வழியாக நீர் வயலுக்குப் போகும். நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாய் பிடித்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல ஏரிகள் சங்கிலியாக இருந்தன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழையை நம்பிய ஏரி, வருடத்தில் பல மாதம் வெறும் தரையாகத்தான் தெரியும். சித்திரை வைகாசியில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்போது பார்ப்பவருக்கு அது சும்மா கிடக்கிற இடம்.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏரிக்கு இருந்த வேலை பாசனம். எத்தனை ஏக்கருக்குப் பாசனம் என்பதுதான் அதன் மதிப்பு. கீழே இருந்த நஞ்சை நிலங்கள் மனைகளானதும், ஏரிக்கு வேலை போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். வெள்ளத்தைப் பிடித்து வைப்பது, சுற்றுப்பட்டுக் கிணறுகளுக்கு ஊற்று கொடுப்பது ஆகிய மற்ற இரண்டு வேலைகள் எந்தப் பதிவேட்டிலும் பணமதிப்போடு ஏறவில்லை. கணக்கில் ஏறாத சொத்தை யாரும் பாதுகாப்பதில்லை.

எம்டனும் நகரமைப்பும்

1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மானியக் கப்பல் எம்டனை எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரரை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதே எம்டன் சில வாரங்கள் கழித்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் நகரமைப்புக் கண்காட்சிக்காகச் சேர்த்திருந்த வரைபடங்களும் படங்களும் இருந்தன. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் மறுபடியும் படங்களைச் சேகரித்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தே தீர்ந்தது.

கெடிஸ் அடிப்படையில் உயிரியல் படித்தவர். குளங்களும் ஏரிகளும் கொசு வளர்க்கின்றன, மலேரியா பரப்புகின்றன, ஆகவே தூர்த்துவிட வேண்டும் என்பது அப்போதைய சுகாதார அதிகாரிகள் பலரின் கட்சி. கெடிஸ் அதற்கு எதிர்க்கட்சி. குளத்தைச் சுத்தமாக வைத்து மீனும் வாத்தும் வளர்த்தால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும், குளம் ஊருக்கு அழகும் குளிர்ச்சியும் தரும் என்று அவர் வாதிட்டார். கெடிஸுக்கு அடுத்து ஹெச்.வி. லான்செஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் சென்னையின் நகரமைப்பை ஆராய்ந்து 1918-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் காலத்தில் நடந்த பெரிய காரியம் தியாகராய நகர். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியின் கரையை உடைத்து, நீரை வடித்து, மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயச் செட்டியார் பெயரை நகருக்கும், அப்போது மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரை நடுவிலுள்ள பூங்காவுக்கும் வைத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். 1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். ஜார்ஜ் டவுனில் நெரிசல் தாங்கவில்லை. அரசு ஊழியர்களுக்கும் வக்கீல்களுக்கும் வாத்தியார்களுக்கும் வீடு வேண்டியிருந்தது. போட்ட திட்டத்தையும் ஒழுங்காகப் போட்டார்கள். நேரான தெருக்கள், பூங்கா, கடைவீதி எல்லாம் இருந்தன. ஆனால் பெய்யும் மழை எப்போதும் போலப் பெய்தது. அது தங்கிய இடம் மட்டும் போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இன்றும் இருக்கின்றன. பெயர்ப்பலகை மட்டும்தான் சாட்சி.

ஏரித் திட்டங்கள்

1941-ல் 7.77 லட்சமாக இருந்த சென்னை மக்கள்தொகை 1951-ல் 14.16 லட்சமாகிவிட்டது. எல்லை விரிவு ஒரு காரணம், பிழைப்புத் தேடி வந்த கூட்டம் இன்னொரு காரணம். 1961-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி வீட்டு வசதி வாரியம் அமைந்தது. வாரியத்துக்கு மொத்தமாக, மலிவாக, வழக்கு வம்பு இல்லாமல் நிலம் வேண்டும். தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீடு, கோர்ட்டு, பல வருட இழுபறி. ஏரி அரசு புறம்போக்கு. கேட்க ஆள் கிடையாது. ஏரிகள் வீட்டு மனைகளாக மாறியதற்குப் பெரிய சதி எதுவும் தேவைப்படவில்லை, இந்த எளிய கணக்கே போதுமானதாக இருந்தது.

லாங் டேங்கில் மிஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரி 1970-களில் மறைந்தது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. அக்கம்பக்கத் தெருக்களை 'லேக் ஏரியா' என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்பது தபால் முகவரியாகவே இருக்கிறது. ஒளிக்க வேண்டிய சங்கதி என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. பெருமையாகவே பெயர் வைத்தார்கள்.

அந்த வீடுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். மாதச் சம்பளக்காரர்கள், தவணை கட்டி வீடு வாங்கியவர்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது நல்ல விஷயம். அதற்காகக் கொடுத்த விலை பத்திரத்தில் எழுதப்படவில்லை என்பதுதான் விஷயம்.

லண்டன் செய்ததும் அதன் விலையும்

உலகில் இதற்கு நேர்மாறான வழியில் போன ஊர் லண்டன். நகரைச் சுற்றி ஒரு பசுமை வளையம் வேண்டும் என்று 1935-ல் திட்டம் வைத்து, 1938-ல் தனிச் சட்டம் போட்டு, வயல்களையும் காடுகளையும் உள்ளாட்சிகள் விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. 1944-ல் பேட்ரிக் அபர்கிராம்பியின் திட்டம் அந்த வளையத்தை விரிவாக வரைந்தது. 1947-ல் வந்த நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, சொந்த நிலமானாலும் அனுமதி இல்லாமல் கட்ட முடியாது என்றாயிற்று. 1955-ல் மற்ற நகரங்களுக்கும் இந்த ஏற்பாடு போனது.

வளையம் நின்றது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே வீட்டு விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பொருளாதார நிபுணர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். வளையத்தைத் தாண்டி வெளியூரில் வீடு வாங்கி, தினமும் ரயிலில் வந்துபோகும் கூட்டம் பெருகியது. ஏற்கெனவே உள்ளே சொந்த வீடு வைத்திருப்பவருக்கு வளையம் லாபம், புதிதாக வீடு தேடும் இளைஞருக்கு நஷ்டம் என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த வளையத்துக்குள் இருக்கும் எல்லா நிலமும் அருமையான காடு அல்ல. கோல்ஃப் மைதானங்களும் கைவிடப்பட்ட இடங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டுப் போட்டதுதான் சிக்கல்.

சென்னை வேறு வழியை எடுத்தது. 1976-ல் ஒப்புதல் பெற்ற முதல் முழுமைத் திட்டத்தில் வளையம் இல்லை, வண்ணங்கள் இருந்தன. குடியிருப்பு, தொழில், வேளாண்மை, நகர்ப்புறமல்லாத பகுதி என்று வகை பிரித்தார்கள். நெரிசலைக் குறைக்க மறைமலைநகர் போன்ற துணை நகரங்களையும் நினைத்தார்கள். 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்சென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் மணல்பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வைத்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் வண்ணத்தை மாற்ற மனு போடலாம். வேளாண்மை நிலத்தைக் குடியிருப்பாக்க ஒருவர் ஒரு சர்வே எண்ணுக்கு மனு போடுவார், பக்கத்தில் இன்னொருவர் போடுவார். ஒவ்வொரு மனுவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் வயல்வெளி முழுவதும் வண்ணம் மாறியிருக்கும்.

பள்ளிக்கரணை

இந்த வரலாறு மொத்தமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் பள்ளிக்கரணையைப் பார்க்கலாம். தமிழில் இதற்குக் கழுவெளி என்று பெயர். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர், ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் இங்கே வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அதன் வழியே கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். அத்தனை பெரிய பரப்புக்கு ஒரே வடிகால். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் கழுவெளியில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான்.

அரசு நிர்வாகத்தின் பார்வையில் கழுவெளி தரிசு. நெல் விளையாது, வரி வராது. அதனால் எது எதற்கு இடம் வேண்டுமோ எல்லாம் இங்கே வந்தன. பெருங்குடிக் குப்பைமேடு வந்தது. மத்திய அரசின் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் வந்தன. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் அகலச் சாலை குறுக்கே போனது. ஐ.டி. நிறுவனங்கள் வந்தன, அங்கே வேலை செய்பவர்களுக்கு அடுக்குமாடிகள் வந்தன. தெற்கே செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் எழுந்தன.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடமும் தாழ்வான சதுப்பு ஓரம். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்றது. நீர்நிலையைக் காப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் முதலில் இடிபடுவது குடிசை. அதே நீர்நிலையில் உள்ள அரசுக் கட்டடத்துக்கும் அலுவலக வளாகத்துக்கும் நோட்டீஸ் போவது அபூர்வம்.

காப்பாற்றும் முயற்சியும் நடந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் வனத்துறைக்குப் போனது, பிறகு அது சுமார் 700 ஹெக்டேராக விரிந்தது. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று தரையில் அளந்து முடிப்பதற்குள் வழக்கு வந்துவிட்டது. அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் உத்தரவிட்டது. வீடு கட்டக் கடன் வாங்கி மனை வாங்கியவர், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் எல்லோரும் திகைத்துப் போனார்கள். தீர்ப்பாயம் தவறு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியவர்கள் தவறு செய்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கோட்டை முதலிலேயே போட வேண்டியவர்கள் போடாததால், இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

கடன் பத்திரங்களில் இல்லாத கேள்வி

வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளைப் பல வருடம் கையாண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வக்கீலின் கருத்துரை, பொறியாளரின் மதிப்பீடு எல்லாம் கேட்போம். அவை அனைத்தும் இந்த மனை யாருடையது என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று கேட்கும் காகிதம் கோப்பில் ஒன்றுகூட இருக்காது. கடன் வங்கிக்குப் பத்திரமாக இருந்தது. வீடு அவ்வளவு பத்திரமாக இருந்ததா என்பது வேறு கதை.

சட்டம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. ஏரி, குளம், கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சொன்னது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் விற்றுப்போன மனைகள் ஏராளம். எனவே 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. முதலில் விற்பனை, பிறகு தடை, பிறகு வரன்முறை. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும். காணாமல் போன வாய்க்காலுக்கு என்ன கட்டணம் கட்டுவது?

இரண்டு விதமான நிலம்

2015-ல் மூழ்கிய அதே நகரம் 2019 கோடையில் தாகத்தில் தவித்தது. நான்கு ஏரிகளும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் நான்கு வருட இடைவெளியில் வருவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. வந்த நீரை வைத்துக்கொள்ள இடம் விடவில்லை.

அதற்காக நகரைச் சுற்றி எதுவுமே கட்டக்கூடாது என்பது என் கட்சி அல்ல. அப்படிச் சொன்னால் வீடு தேடும் இளம் தம்பதிகளுக்கும், நம் வளாகத்தில் வேலை செய்துவிட்டுத் தினமும் 2 பஸ் மாறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் நாம் துரோகம் செய்தவர்களாவோம். நகருக்கு வெளியே இருக்கும் நிலத்தில் இரண்டு விதம் உண்டு. வெறுமனே காலியாக இருக்கும் மேட்டு நிலம் ஒன்று. காலியாகத் தெரிந்தாலும் வேலை செய்துகொண்டிருக்கும் ஏரி, தாங்கல், கழுவெளி, கடலோர மணல்மேடு, வாய்க்கால் ஆகியவை இன்னொன்று. முதலாவதில் தாராளமாக வீடு கட்டலாம், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில் இன்னும் உயரமாகவும் கட்டலாம். இரண்டாவதில் அரசும் கட்டக்கூடாது, தனியாரும் கட்டக்கூடாது. எது எந்த விதம் என்று சர்வே எண்ணோடு முன்கூட்டியே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். குடிசைக்கும் கம்பெனிக்கும் ஒரே விதி இருக்க வேண்டும்.

இதற்கு இப்போது ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இன்னும் ஏரிகள் உயிரோடு இருக்கும் எத்தனையோ கிராமங்கள் அதற்குள் வந்துவிட்டன. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவு வெளியானால் பொதுமக்கள் கருத்தும் ஆட்சேபணையும் எழுதித் தரலாம். தனி ஆள் எழுதுவதைவிடச் சங்கத்தின் லெட்டர்பேடில் போனால் மதிப்பு அதிகம்.

நம் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. புதிதாக மனையோ வீடோ வாங்கும் நம் பிள்ளைகள், பட்டாவோடு நிற்காமல் கிராமத்து 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கிப் பார்க்கட்டும். அந்த சர்வே எண் பழைய பதிவில் என்ன வகை, பக்கத்தில் வாய்க்கால் போகிறதா என்பது அதில் தெரியும். பெரிய வளாகங்கள் கட்டும்போது 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும் என்பது விதி. நம் பகுதியில் அப்படித் தரப்பட்ட இடங்கள் எவை, அவை இன்று பூங்காவாக இருக்கின்றனவா, பார்க்கிங்காக மாறிவிட்டனவா என்று சங்கம் ஒரு பட்டியல் எடுக்கலாம். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகளை ஆவணியிலேயே தூர் வாரிவிட்டால், நம் கூரையில் விழுந்த மழையாவது அடுத்த தெருவுக்கு வெள்ளமாகப் போகாது.

அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பட்டியல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். இந்தப் பகுதியில் நீண்ட நாள் இருப்பவர்கள், இங்கே ஓடிய வாய்க்கால்கள், இருந்த தாங்கல்கள், அவற்றின் பழைய பெயர்கள் ஞாபகம் இருந்தால் அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். பதிவேட்டில் இல்லாத சங்கதிகளை முதலில் நம் நோட்டிலாவது ஏற்றிவிடுவோம்.